வீட்டுக்குள் நுழைய முடியாத வீடு!
ஏழு அடி வாசலும் அமெரிக்கர்களின் இழுவை வண்டியும்

காரின் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள்!

ஆம். அமெரிக்காவில் இது சர்வ சாதாரணமான காட்சி. கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் போதும், நெடுஞ்சாலைகளில் கார்களுக்குப் பின்னால் சக்கரம் வைத்த சிறு வீடுகள் ஓடத் தொடங்கிவிடும். உள்ளே படுக்கை உண்டு. காஸ் அடுப்பு உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. சிலவற்றில் குளியல் அறையும் உண்டு. ஏரிக் கரையிலோ, மலை அடிவாரத்திலோ, அரசாங்கக் காட்டில் இதற்கென்று ஒதுக்கிய இடத்திலோ நிறுத்தி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, நாலு நாள் கழித்து ஊர் திரும்புவார்கள். இந்த வண்டிக்கு 'கேம்பிங் டிரெய்லர்' என்று பெயர்.

இது பணக்காரர்களின் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். மாளிகை போன்ற டிரெய்லர்களும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் சிறிய ரகங்களை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு வாரம் ஓட்டலில் தங்கினால் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போடும் தொழிலாளி, குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்றவர். ஒருமுறை பணம் போட்டு வாங்கிவிட்டால் பத்துப் பதினைந்து வருடம் விடுமுறைக்குத் தங்கும் செலவு பெரிதாக இல்லை.

சரி, விடுமுறை முடிந்து வீடு திரும்பியதும் அந்த வண்டியை எங்கே நிறுத்துவது? அங்கேதான் வம்பு ஆரம்பமாகிறது.

நோட்டீஸ் வரும்!

நம் மும்பையில் ஹவுசிங் சொசைட்டி இருப்பது போல் அமெரிக்காவின் பல குடியிருப்புகளிலும் வீட்டுக்காரர்கள் சங்கம் இருக்கிறது. வீட்டை வாங்கும்போதே அதன் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பல சங்கங்களின் விதி இதுதான்: டிரெய்லர், படகு போன்றவற்றைத் தெருவில் இருந்து பார்த்தால் தெரியும்படி நிறுத்தக் கூடாது. சொந்த வீட்டு வாசலாக இருந்தாலும் கூடாது! ஓரிரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். பிறகு நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் அபராதம்.

வெளியே வாடகை இடங்கள் இருக்கின்றன. மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். வருடத்தில் நாலு வாரம் ஓட்டுகிற வண்டிக்குப் பன்னிரண்டு மாத வாடகை! ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டி, அந்த மிச்சத்தையே தின்று தீர்த்துவிடும். வெட்டவெளியில் நிற்பதால் வெயிலில் கூரை ரப்பர் வெடிக்கும். வடக்கு மாநிலங்களில் பனி ஏறி உட்காரும்.

எனவே மிச்சமிருக்கும் ஒரே வழி, வீட்டோடு ஒட்டிய கார் ஷெட். அதற்குள் போய்விட்டால் சங்கத்துக்கும் தெரியாது, பனிக்கும் தெரியாது.

ஆனால் ஷெட் வாசல் உயரம் என்ன?

ஏழே அடி!

ஆறு அங்குலம் பண்ணும் பாடு

அமெரிக்க வீடுகளில் கார் ஷெட் கதவின் வழக்கமான உயரம் 7 அடி, அதாவது 84 அங்குலம். ஒரு கார் நுழையும் கதவு 8 அல்லது 9 அடி அகலம். இரண்டு கார் நுழையும் கதவு 16 அடி அகலம். பிற்காலத்து வீடுகள் சிலவற்றில் 8 அடி உயரக் கதவும் வைக்கிறார்கள். சாதாரண டிரெய்லரின் உயரமோ 10, 11 அடி. அகலம் எட்டு, எட்டரை அடி. இவை ஷெட்டுக்குள் போகும் பேச்சே இல்லை. அமெரிக்க டிரெய்லர் என்றதும் நினைவுக்கு வருகிற வெள்ளி நிற 'ஏர்ஸ்ட்ரீம்' வண்டியும் இந்த ஏழு அடி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

வம்பெல்லாம் 'போய்விடும் போலிருக்கிறதே' என்று ஆசை காட்டும் வண்டிகளால்தான். உதாரணமாக, முட்டை வடிவ ஃபைபர் கிளாஸ் டிரெய்லர். 1968-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஓலெக்கோ என்பவர் இதை 'போலர்' என்ற பெயரில் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் வடிவமைத்தது என்ன தெரியுமா? ஃபைபர் கிளாஸ் செப்டிக் டாங்க்! இரண்டு பாதிகளை வார்த்து ஒட்டும் அதே வித்தையைத்தான் டிரெய்லருக்கும் பயன்படுத்தினார். அதே வழியில் வந்தது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து 'ஸ்காம்ப்'. 13 அடி ஸ்காம்ப் வண்டியின் உயரம் சுமார் ஏழரை அடி.

வாசல் ஏழு அடி, வண்டி ஏழரை அடி. குறுக்கே நிற்பது ஆறு அங்குலம்!

ஒரு பஸ் டிரைவர் சேமிப்பில் இருந்து இப்படி ஒரு பழைய வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகாது. வெளியே நிறுத்தவும் முடியாது. திருப்பி விற்றால் நஷ்டம். இந்த ஆறு அங்குலத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?

நம்மவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. இரும்பு பீரோவைச் சால் மாடிப்படியில் ஏற்றி, திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் தவித்தவர்கள் எத்தனை பேர்!

கூரையில் இருந்து தொடங்கு

முதலில் பார்க்க வேண்டியது கூரை. டிரெய்லரின் உயரம் என்பது பெரும்பாலும் அதன் உடம்பின் உயரம் அல்ல, தலைமேல் உட்கார்ந்திருக்கும் சாமான்களின் உயரம்தான். கூரை மேல் வைக்கும் ஏர் கண்டிஷனர் சுமார் ஓர் அடியைத் தின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டு, பக்கச் சுவரில் சிறியதாக ஒன்று பொருத்திக்கொள்ளலாம். காற்றுப்போக்கிக்கு மேலே இருக்கும் மூடியும் சில அங்குலம் நிற்கும். அதைக் கழற்றித் தட்டையான மூடி போடலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. வண்டியின் எலும்பையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது சக்கரம். சிறிய டயர் மாட்டினால் வண்டி இறங்கும் என்பது சரி. எவ்வளவு இறங்கும்? விட்டத்தில் 4 அங்குலம் சிறிய டயர் போட்டால் வண்டி 2 அங்குலம்தான் இறங்கும். ஏனென்றால் அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். இந்தக் கணக்குத் தெரியாமல் காசு செலவழித்துவிட்டு, பாதிதான் இறங்கியது என்று விழிப்பவர்கள் உண்டு. சாலையில் ஓட நல்ல டயர், ஷெட்டுக்குள் தள்ள மட்டும் குட்டிச் சக்கரம் என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதும் உண்டு. வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கி மாற்ற வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை என்றால் செய்யலாம். வாரா வாரம் என்றால் இடுப்பு போய்விடும்.

டயரில் காற்றை இறக்கினால் என்ன? ஓர் அங்குலம் அளவுக்குக் கிடைக்கும். ஆனால் காற்றில்லாத டயர் மேல் பாரத்தை வைத்து உருட்டினால் அதன் பக்கச் சுவர் நசுங்கி உள்ளே நைந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த பயணத்தில் நெடுஞ்சாலையில் தெரியும். இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது, அச்சு. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் அச்சுக்கு மேலே ஸ்பிரிங் இருந்தால் அதை அச்சுக்குக் கீழே மாற்றிப் பொருத்தலாம். நாலைந்து அங்குலம் இறங்கும். ஏற்கெனவே கீழே இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. முட்டை ரக வண்டிகளில் பெரும்பாலும் ரப்பர் வைத்த ஆக்சில்தான். அதில் சக்கரத்தைத் தாங்கும் கைச்சட்டத்தின் கோணம் மாற்றிப் புதிய ஆக்சில் வரவழைக்க வேண்டும். எதுவானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பள்ளத்தில் விழும்போது வண்டியைக் காப்பாற்றுகிறது. அதை முழுவதும் இறக்கத்துக்குக் கொடுத்துவிட்டால், முதல் பள்ளத்திலேயே டயர் வண்டியின் அடியில் உரசும்.

ஏர்க்கால் கணக்கு

இவ்வளவும் செய்து உயரத்தை 82 அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் நம் பஸ் டிரைவர். வாசல் 84. இரண்டு அங்குலம் மிச்சம்! பின்பக்கமாகத் தள்ளுகிறார். பாதி நுழைந்ததும் 'டங்' என்று ஒரு சத்தம். மேலே இடித்துவிட்டது!

எப்படி? நாட்டுப்புறத்தில் மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியின் ஏர்க்காலைத் தரையில் இறக்கினால் என்ன ஆகும்? முன்பக்கம் தாழும். பின்பக்கம் மேலே எழும்பும். ஏர்க்காலைத் தூக்கினால் பின்பக்கம் தாழும். டிரெய்லருக்கும் முன்னால் நீண்டிருக்கும் இரும்புச் சட்டம்தான் ஏர்க்கால். காரில் மாட்டுகிற கொக்கி அதன் நுனியில் இருக்கிறது.

பல வீடுகளில் தெருவில் இருந்து ஷெட்டுக்கு ஏறுமுகமாகச் சரிவு இருக்கும். டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளும்போது, சக்கரம் இன்னும் சரிவில் இருக்கிறது. அதன் பின்பகுதியோ ஷெட்டுக்குள் போய்விட்டது. வண்டி சரிவோடு சரிவாகச் சாய்ந்து, பின் முனை வானத்தைப் பார்க்கிறது. 10 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் இருந்து பின் முனை 7 அடி தூரம் என்றால், சக்கரம் சரிவின் உச்சியில் நிற்கும்போது அந்த முனை 8 அங்குலத்துக்கு மேல் தூக்கியிருக்கும்! வாசல் உத்தரத்தைத் தாண்டியிருக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? மேலே சுருண்டு போய்ப் படுத்திருக்கும் கதவு. அதை இழுக்கும் மோட்டாரின் தண்டவாளம். அங்கேதான் இடிக்கும்.

சில வீடுகளில் நேர்மாறு. தெரு மேடு, ஷெட் பள்ளம். அங்கே சக்கரம் உள்ளே சமதரைக்குப் போய்விட்டாலும், இழுக்கும் கார் மேட்டில் நிற்பதால் ஏர்க்கால் தூக்கி நிற்கும். அதனால் வண்டியின் முன்பாதி வாசல் உத்தரத்தில் மோதும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. காரைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஏர்க்காலை நம் இஷ்டப்படி தூக்கலாம், தாழ்த்தலாம். முதல் ரகத்தில் ஏர்க்காலைத் தூக்கிப் பிடித்தபடி தள்ள வேண்டும். ஆனால் பின்புற அடிப்பாகம் தரையில் உரசாமல் ஓர் ஆள் குனிந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். இரண்டாவது ரகத்தில் ஏர்க்காலைத் தாழ்த்திக்கொண்டு தள்ள வேண்டும். இதற்கென்றே உயரத்தை ஏற்றி இறக்கும் ஜாக்கியும், சக்கரம் வைத்த தள்ளு வண்டியும் விற்கிறார்கள். மோட்டார் வைத்த தள்ளு வண்டியும் உண்டு. சரிவில் வண்டியைக் காரில் இருந்து கழற்றும் முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காவிட்டால், வண்டி ஷெட்டுக்குப் போகாது, தெருவுக்குப் போகும்!

அளக்கும் விதம்

84 அங்குலம் என்பதே கதவுக் கம்பெனிக்காரன் சொல்லும் கணக்கு. கதவு முழுவதும் மேலே ஏறினாலும் அதன் கீழ் விளிம்பும் ரப்பர் பட்டையும் சில சமயம் இரண்டு அங்குலம் தொங்கிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் நிறுத்தும் புள்ளியைச் சரிசெய்தால் அந்த இரண்டு அங்குலம் திரும்பக் கிடைக்கலாம். காசில்லாமல் கிடைக்கும் உயரம் இது!

அளவு நாடாவை ஓரிடத்தில் பிடித்து 'சரி' என்று சொல்லக் கூடாது. இடது, வலது, நடு என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அதைவிட நல்லது, வண்டியின் உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி, வாசலில் இருந்து கடைசிச் சுவர் வரை நிமிர்த்திப் பிடித்தபடி நடந்து பார்ப்பது. எங்கே தட்டுகிறதோ அங்கே ஆணியோ, விளக்கோ, குழாயோ இருக்கும்.

இன்னொரு நுட்பம். சாமான் ஏற்றிய வண்டி ஸ்பிரிங் அமுங்கித் தாழ்வாக நிற்கும். சாமானை இறக்கியதும் எழும்பும். நிறைந்த வண்டியை அளந்துவிட்டுக் காலி வண்டியை உள்ளே தள்ளினால் கணக்கு உதைக்கும்.

நீளமும் ஏமாற்றும். ஷெட்டின் ஆழம் பெரும்பாலும் 20 முதல் 24 அடி. வண்டியின் பெயரில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. சில கம்பெனிகள் ஏர்க்காலையும் சேர்த்து நீளம் சொல்லும். சில உடம்பை மட்டும் சொல்லும். கதவு சாத்தும்போது மூன்று அடி இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! கீல் வைத்து மடக்கும் ஏர்க்கால் இதற்காகவே வந்தது. படகு இழுக்கும் வண்டிகளில் அது அதிகம்.

வாசலை உயர்த்தினால் என்ன என்று கேட்கலாம். வாசலுக்கு மேலே இருக்கும் உத்தரம் வெறும் அலங்காரம் அல்ல. கூரையின் பாரத்தை 9 அடி, 16 அடி அகலத்துக்குத் தாங்கி நிற்பது அதுதான். உள்ளே சுவர் உயரம் இருந்தால், என்ஜினீயரின் கணக்கும் நகர நிர்வாகத்தின் அனுமதியும் வாங்கி உத்தரத்தை மேலே ஏற்றலாம். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் வேறு டிரெய்லர் வாங்கிவிடலாம் என்று தோன்றும். தரையை வெட்டித் தாழ்த்தினால் முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வந்து நிற்கும்.

மடங்கும் வீடுகள்

என்னைக் கேட்டால், வண்டியை வெட்டுவதும் வீட்டை வெட்டுவதும் இரண்டாம் பட்சம். வாசலை அளந்துகொண்டு போய் வண்டி வாங்குவதே புத்திசாலித்தனம். வாசலுக்கு ஏற்ற வண்டி இல்லாமல் இல்லை.

மிகப் பழையது 'கண்ணீர்த்துளி' டிரெய்லர். 1930-களில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் இதற்கு ஒரே மவுசு. 1947 செப்டம்பர் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை இதன் வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பார்த்து வீட்டு ஷெட்டிலேயே ரம்பமும் சுத்தியலும் வைத்துச் செய்துகொண்டவர்கள் ஏராளம். உயரம் 4 அடி, அகலம் 4 அடி, நீளம் 8 அடி. ஏன் இந்த அளவு? பிளைவுட் பலகை வருவதே 8-க்கு 4! ஃபர்னிச்சர் வேலை செய்யும் நம் ஆட்கள் அன்றாடம் அறுக்கும் அதே அளவுதான். பலகையை வீணாக்காமல் வெட்டினால் அந்த உருவம்தான் வரும். உள்ளே நிற்க முடியாது, படுக்கலாம். சமையல் எல்லாம் வண்டியின் பின்கதவைத் தூக்கி, வெளியே நின்றபடிதான்.

நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், ஷெட்டுக்கும் போக வேண்டும் என்றவர்களுக்கு 'ஹை-லோ' வந்தது. 1956-ல் ஒஹையோ மாநிலத்தின் பட்லர் ஊரில் தொடங்கிய கம்பெனி. தீப்பெட்டிக்கு மேல்மூடி இறங்குவது போல, வண்டியின் மேல்பாதி கீழ்பாதியின் மேல் இறங்கிவிடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தூக்கிக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி 2010-ல் மூடப்பட்டுவிட்டது. பழைய வண்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கூரையின் இரு பாதிகளும் முக்கோணமாக எழும்பி நிற்கும் ரகம் இன்னொன்று. மடித்தால் பெட்டி போல் தட்டையாகிவிடும்.

எல்லாவற்றிலும் மலிவானது கித்தான் ரகம். கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும். இரு பக்கமும் படுக்கைகள் இழுப்பறை போல் வெளியே வரும். சுற்றிலும் கித்தான் சுவர். மடித்தால் சுமார் ஐந்து அடி உயரம்தான். ஏழு அடி வாசலில் தாராளமாகப் போகும்.

எந்த ரகமானாலும், ஷெட்டுக்குள் தள்ளும் முன் ஏர்க்காலில் இருக்கும் காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் வெந்நீர் பாய்லர் கார் ஷெட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதில் சிறு சுடர் எப்போதும் எரியலாம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பரவும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். அங்கே பாய்லரின் சுடர் தரையில் இருந்து 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்று கட்டட விதியே வைத்திருக்கிறார்கள். அது காரின் பெட்ரோல் ஆவிக்காக வைத்த விதி. சிலிண்டரை உள்ளே வைத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி அல்ல.

கித்தான் ரகத்துக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. ஞாயிறு மழையில் நனைந்து வந்து, மடித்து, ஷெட்டில் தள்ளிவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போய்விட்டால், ஈரக் கித்தான் மடிப்புக்குள் புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். கறுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டால் கழுவினாலும் போகாது. ஷெட்டுக்குள்ளேயே விரித்துக் காயவைக்கலாம் என்றால் கூரை இடிக்கும், கார் இடிக்கும். எனவே இரண்டொரு நாளில் வெயில் பார்த்து வெளியே இழுத்து, முழுவதும் விரித்துக் காயவைத்த பிறகே மறுபடி மடிக்க வேண்டும். அந்த ஒரு நாளைக்கு வாசலில் நிறுத்திக்கொள்ளச் சங்கத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துக்கொள்கிறார்கள்.